அறுபதைத் தாண்டியவர் காப்புறுதிக்கு எவ்வளவு கூடுதலாகக் கட்டலாம்?

கட்டாரில் வேலை பார்க்கும் மகன், திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவில் இருக்கும் வாப்பாவையும் உம்மாவையும் மருத்துவக் காப்புறுதியில் சேர்க்க ஏஜென்டுக்கு அழைப்பெடுத்தால், முதலில் கேட்கப்படுவது பிறந்த வருடம். 58 வயது என்றால் பேச்சு தொடரும். 63 என்றால் கட்டுப்பணம் எகிறும். சீனி, கொலஸ்ட்ரோல், ஈசீஜி என்று பரிசோதனைகளும் கேட்பார்கள். 68 என்றால் பல திட்டங்களில் புதிதாகச் சேரவே இடமில்லை. விலை என்ன என்று கேட்கும் கட்டமே வராது.

முதியோரிடம் கூடுதலாக அறவிடுவது சரியா என்று பேசும்போது மூன்று விடயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறோம். வயதுக்கு ஏற்ப விலை கூடுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது; அதை மறுத்துப் பயனில்லை. அந்தக் கூடுதல் எத்தனை மடங்கு வரை போகலாம் என்பது அடுத்த கேள்வி. திருகோணமலையில் வயோதிபர்களை உண்மையில் அடிப்பது மூன்றாவது விடயம்: வேலை முடிந்த அன்றே காப்புறுதியும் முடிந்துபோவதும், அதற்குப் பிறகு நுழையக் கதவு இல்லாததும்.

முதலில் கணக்கு. புரிவதற்காக எடுத்த எண்கள் இவை, எந்தக் கம்பனியின் விலையும் அல்ல. ஒரு திட்டத்தில் 100 பேர். 80 பேர் இளையவர்கள், ஆளுக்கு வருடத்துக்கு எதிர்பார்க்கும் செலவு 10,000 ரூபாய். மீதி 20 பேர் அறுபதைத் தாண்டியவர்கள், ஆளுக்கு 60,000. மொத்தம் 20 இலட்சம். எல்லோருக்கும் ஒரே விலை என்றால் தலைக்கு 20,000. இளையவர் தன் செலவின் இரண்டு மடங்கைக் கட்டுகிறார். சேர்வதும் விலகுவதும் அவரவர் விருப்பம் என்றால், 40 இளையவர்கள் அடுத்த வருடம் புதுப்பிக்க மாட்டார்கள். மிஞ்சிய 60 பேருக்கு விலை 26,667 ஆகும். அதைப் பார்த்து இன்னும் 25 பேர் போனால் 38,571. இப்படியே போனால் ஒரே விலைத் திட்டம் வயோதிபர் மட்டும் இருக்கும் திட்டமாகி, அவர்கள் 60,000 கட்டும் இடத்தில் வந்து நிற்கும். முதியவரைக் காப்பாற்ற வைத்த ஒரே விலை அவருக்கே உதவாமல் போவது இப்படித்தான்.

அதே 100 பேரில், முதியவர் இளையவரைப் போல மூன்று மடங்குக்கு மேல் கட்டக்கூடாது என்று எல்லை வைத்தால் இளையவருக்கு 14,286, முதியவருக்கு 42,857 வரும். இளையவர் கொஞ்சம் கூடக் கட்டுகிறார், ஆனால் ஓடிப்போகும் அளவுக்கு இல்லை. முதியவர் தன் செலவில் 29 வீதம் அளவு மிச்சம் பிடிக்கிறார். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர் காப்புறுதிக்கு வைத்த எல்லை இதுதான்: 64 வயதுக்காரரிடம் 21 வயதுக்காரரின் மூன்று மடங்குக்கு மேல் கேட்கக்கூடாது. மாநிலங்கள் இன்னும் இறுக்கலாம். மசாசுசெட்சில் இரண்டு மடங்கு, நியூயோர்க்கிலும் வெர்மொன்டிலும் வயதுக்கு என்று வித்தியாசமே இல்லை.

வயதை ஏன் பிடிக்கிறார்கள்? அது நோயைத் துல்லியமாகச் சொல்வதால் அல்ல. அடையாள அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், மறைக்க முடியாது என்பதால். எழுபது வயதுக்காரர்களில் பெரும்பாலானோர் ஒரு குறிப்பிட்ட வருடத்தில் ஆஸ்பத்திரியில் படுப்பதே இல்லை. பெரும் செலவு ஒரு சிலரிடம் குவிகிறது. மறுபக்கம், நம் மாவட்டத்தின் பதவி ஸ்ரீபுர பகுதியில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் நாற்பதுகளில் இருக்கும் விவசாயிகளையே டயாலிசிஸ் வரை கொண்டுபோயிருக்கிறது. வயது ஒரு முரட்டு அளவுகோல். முரட்டு அளவுகோலால் அளப்பவன் அதற்கு ஒரு உச்சவரம்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் பக்கம்.

ஒரே விலை நிலைத்து நிற்கும் இடங்களும் உண்டு. அரச ஊழியர்களின் அக்ரஹார திட்டத்தில் 28 வயது ஆசிரியைக்கும் 59 வயது அதிபருக்கும் ஒரே தரத்தில் ஒரே கழிவு. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்தும் இந்தத் திட்டத்துக்கான பணம் சம்பளத்திலேயே கழிபடுகிறது. இளையவர் "எனக்கு வேண்டாம்" என்று எழுந்து போவதில்லை. சீனக்குடாப் பக்கத் தொழிற்சாலைகளிலும் வங்கிகளிலும் உள்ள குழுக் காப்புறுதியும் இப்படித்தான்: கம்பனி மொத்தமாகப் பேசி ஒரு விலைக்கு வாங்குகிறது, உள்ளுக்குள் இளையவர் மூத்தவரைத் தாங்குவது யார் கண்ணிலும் படுவதில்லை. சுவிட்சர்லாந்து 1996இலும் நெதர்லாந்து 2006இலும் நாடு முழுவதற்கும் செய்தது இதன் பெரிய வடிவம். எல்லோரும் கட்டாயம் சேர வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஒரே ஊரில், ஒரே கம்பனியில், ஒரே திட்டத்தில் 26 வயதுக்காரருக்கும் 80 வயதுக்காரருக்கும் ஒரே கட்டுப்பணம். முதியவர்களை அதிகம் வைத்திருக்கும் கம்பனிக்கு, இளையவர்களை அதிகம் வைத்திருக்கும் கம்பனிகள் ஒரு பொது நிதி வழியாக ஈடு கொடுக்கின்றன. அந்த ஈடு இல்லாவிட்டால் ஒவ்வொரு கம்பனியும் முதியவரை நாசூக்காகத் தள்ளிவிடத்தான் வழி பார்க்கும். ஆக, ஒரே விலை என்று கேட்பவர்கள் கட்டாயச் சேர்க்கையையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒன்றை விட்டு மற்றது நடக்காது.

கட்டாயமும் இல்லாமல், வயதுக்கு விலையும் இல்லாமல் நடுவில் ஒரு வழி கண்டது அவுஸ்திரேலியா. அங்கே தனியார் காப்புறுதியில் வயதுக்காக விலை கூட்ட முடியாது. தாமதமாகச் சேர்வதற்குத்தான் தண்டம். 2000 ஜூலை முதல், 30 வயதைத் தாண்டிச் சேரும் ஒவ்வொரு வருடத்துக்கும் நூற்றுக்கு 2 வீதம் கூடும். 40இல் சேர்ந்தால் 20 வீதம். 65இல் சேர்ந்தால் உச்சமான 70 வீதம். விடாமல் பத்து வருடம் கட்டினால் அந்த மேலதிகம் கழன்றுவிடும். திட்டம் தொடங்கியபோதே முதியவராக இருந்தவர்களை, அதாவது 1934 ஜூலை 1 அன்றோ அதற்கு முன்போ பிறந்தவர்களை, இதிலிருந்து விட்டுவிட்டார்கள். விதி வருமுன் முதுமை அடைந்தவரை விதி தெரியாததற்காகத் தண்டிக்கக்கூடாது என்ற இந்த நியாயம் எனக்குப் பிடிக்கிறது. அயர்லாந்தும் 2015 மேயில் இதே முறைக்கு வந்தது; அங்கே கணக்கு 35 வயதிலிருந்து.

ஜேர்மனியின் தனியார் காப்புறுதியில் இளமையிலேயே கொஞ்சம் கூட வாங்கி முதுமைக்கென ஒதுக்கி வைக்கிறார்கள். 21க்கும் 60க்கும் இடையில் சட்டப்படி 10 வீத மேலதிகம், 65க்குப் பிறகு விலை ஏறாமல் இருக்க அது செலவாகும். யப்பானில் 75 தாண்டியவர்களுக்கு 2008 முதல் தனித் திட்டம். அதன் செலவில் ஏறக்குறைய பாதி அரச பணம், 40 வீதம் வேலை செய்யும் தலைமுறையின் காப்புறுதியிலிருந்து, முதியவர்களின் சொந்தக் கட்டுப்பணம் பத்து வீதம் அளவே. மருந்தெடுக்கும்போது அவர்கள் கையிலிருந்து கொடுப்பது 10 வீதம். வருமானம் கூடியவர்களுக்கு 20 அல்லது 30. அங்கே கூடுதல் பாரம் வயதைப் பார்த்து ஏறவில்லை, வசதியைப் பார்த்து ஏறுகிறது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்ததையும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே பிரச்சினை நம்முடையதைப் போன்றது. இந்தியாவில் 65க்கு மேல் புதிதாகச் சேர்க்காமல் விட இடம் கொடுத்த வரையறையை 2024 ஏப்ரலில் கட்டுப்பாட்டு ஆணையம் எடுத்துவிட்டது. கதவு திறந்ததும் விலை ஏறியது. 2025 ஜனவரியில், மூத்த குடிமக்களின் கட்டுப்பணத்தை வருடத்துக்கு 10 வீதத்துக்கு மேல் கூட்டுவதானால் முன் அனுமதி வேண்டும் என்று உத்தரவு போட வேண்டி வந்தது. அதிலும் ஒரு பொறி உண்டு: வருடம் 10 வீதம் என்றால் ஏழு வருடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 70 தாண்டிய எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் குடும்பத்துக்கு 5 இலட்சம் இந்திய ரூபாய் வரை அரச காப்பீடு தரும் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. சந்தையால் முடியாத வயதை வரிப்பணம் ஏற்றுக்கொள்கிறது என்பதன் பொருள் அதுதான்.

இனி நம் பக்கம். இலங்கையில் அரச ஆஸ்பத்திரி இலவசம் என்பது இந்தக் கணக்கு முழுவதையும் மாற்றுகிறது. மாரடைப்போடு திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஓடுபவரிடம் யாரும் காப்புறுதி அட்டை கேட்பதில்லை. அப்படியிருந்தும் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறக்குறைய பாதி மக்களின் கையிலிருந்தே போகிறது. எங்கே போகிறது? வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியே வாங்குவதில், காத்திருக்க முடியாமல் தனியாரில் எடுக்கும் ஸ்கானில், சனலிங் கட்டணத்தில், கண்ணுக்கு வைக்கும் லென்ஸில். பைபாஸ் என்றால் கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் என்று அனுப்புவார்கள். கொழும்புக்கு இங்கிருந்து 260 கிலோமீற்றர் அளவு. நோயாளியோடு ஒருவர் தங்க வேண்டும், அவருக்கு அறை, சாப்பாடு, வான் கூலி. மூதூரிலிருந்தோ வெருகலிலிருந்தோ வருபவருக்கு இன்னும் ஒரு பயணம் கூடுகிறது.

இந்தச் செலவுகளில் பெரும்பகுதியைச் சாதாரண மருத்துவக் காப்புறுதி தொடுவதே இல்லை. அது வார்ட்டில் குறைந்தது ஓரிரவு தங்கினால் கொடுக்கும். சில பகல் நேரச் சத்திரசிகிச்சைகளுக்குக் கொடுக்கும். மாதாமாத சீனி, பிரஷர் மருந்து, பல், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி எல்லாம் வெளியே. முதியவரின் வழக்கமான செலவு இவைதான். ஆகவே 65 வயதுக்காரர் இளையவரின் மூன்று மடங்கு கட்டுவது நியாயமா என்று பார்க்கும்போது, அந்தப் பணத்துக்கு எதை வாங்குகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். அரச வார்ட்டில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு தொகை காசாகத் தரும் பிரிவு பல திட்டங்களில் உண்டு. பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் தூரமாக இருக்கும் ஊரில், கொழும்பின் ஆடம்பர அறை வாடகை வரம்பைவிட இந்தப் பிரிவு கூடப் பயன் தரும். ஏஜென்ட் இதைக் கடைசியில்தான் சொல்வார், ஏனென்றால் பெரிய தொகையைக் காட்டித்தான் திட்டம் விற்கிறது.

கம்பனி ஆகக்கூடுதலாகத் தரும் வரம்புத் தொகை கரைவதும் முதியவரையே அதிகம் பாதிக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. ஸ்டென்ட், லென்ஸ், செயற்கை முழங்கால் எல்லாம் இறக்குமதி. அதற்கு முன்பு 3 இலட்சம் வரம்போடு வாங்கி விடாமல் கட்டிவரும் ஒருவருக்கு இன்று அந்த 3 இலட்சம் பழைய அளவுக்குச் சிகிச்சையை வாங்காது. வரம்பைக் கூட்டக் கேட்டால், கூட்டிய பகுதிக்குப் புதிதாகச் சேர்ந்தவர் போல மருத்துவப் பரிசோதனையும், கிளெய்ம் எடுக்க முடியாத காத்திருப்புக் காலமும் வரலாம். இதனால் வரம்பு கூட்டுவதை ஐம்பதுகளிலேயே செய்துவிட வேண்டும்.

கிளெய்ம் எங்கே உடைகிறது? பெரும்பாலும் கிளினிக் கொப்பியில். சேரும்போது நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தில் "நீரிழிவு உண்டா" என்ற இடத்தில், ஏஜென்ட் நேரத்தை மிச்சம் பிடிக்க "இல்லை" என்று புள்ளடி போட்டுவிடுவார். முதியவர் கையெழுத்தை வைத்துவிடுவார். மூன்று வருடம் கழித்துக் கண்புரைக்கோ கால் புண்ணுக்கோ கிளெய்ம் போகும்போது, கம்பனி கிளினிக் கொப்பியின் பிரதியைக் கேட்கும். முதல் பக்கத்தில் சீனி வருத்தத்துக்குப் பதிந்த திகதி இருக்கும். அது காப்புறுதி தொடங்கிய திகதிக்கு முந்தியது என்றால், மறைத்ததாகக் கொண்டு நிராகரிப்பார்கள். படிவத்தை யார் நிரப்பினாலும் பொறுப்பு கையெழுத்திட்டவருடையது. உண்மையைச் சொல்லியிருந்தால் அனேகமாக விலை கொஞ்சம் கூடியிருக்கும், அல்லது அந்த நோய்க்கு மட்டும் ஒரு காத்திருப்புக் காலம் வந்திருக்கும். மறைத்தால் கட்டிய வருடங்கள் அத்தனையும் வீண்.

கிழக்கில் இன்னொரு சிக்கல் வயதுச் சான்று. இடப்பெயர்வுகளிலும் 2004 சுனாமியிலும் பிறப்புச் சான்றிதழை இழந்தவர்கள், ஆரம்பத்திலிருந்தே பதிவில்லாமல் உத்தேச வயதுச் சான்றிதழோடு இருப்பவர்கள் இங்கே பலர். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். அந்த எண்ணும் பிறப்புச் சான்றிதழும் ஓய்வூதியக் கோவையும் ஒன்றோடொன்று ஒத்துவராவிட்டால் சேரும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள், கிளெய்மின்போது கவனிப்பார்கள். வயது குறைத்துச் சொன்னதாகத் தெரிந்தால் வித்தியாசக் கட்டுப்பணத்தைக் கழிப்பார்கள், சேரும் வயதெல்லையைத் தாண்டியிருந்தால் ஒப்பந்தத்தையே செல்லாததாக்கலாம். சில கம்பனிகள் வயதை அடுத்த பிறந்தநாளைக் கொண்டு கணக்கிடுகின்றன: 59ஐ முடித்து ஒரு நாள் ஆனவர் அங்கே 60. எனவே விண்ணப்பத்தைப் பிறந்தநாளுக்கு முன் கொடுப்பது காசு மிச்சம்.

தனியார் துறையில் 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஆகக்குறைந்த ஓய்வு வயது 60. குழுக் காப்புறுதி அன்றோடு நிற்கும். ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55இலும் பெண்கள் 50இலும் எடுக்கலாம் என்பதால், பலரின் கையில் காசு இருக்கும் வயதும் தனிநபர் திட்டத்தில் சேர இடமிருக்கும் வயதும் ஒன்றுபடுகின்றன. 60 ஆனபின் தேடுவதைவிட, 55இல் சிறிய வரம்போடாவது ஒரு தனிநபர் திட்டத்தைத் தொடங்கி, குழுக் காப்புறுதி இருக்கும்போதே காத்திருப்புக் காலத்தைக் கழித்துவிடலாம். அப்போது கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி சேரும் வயது பற்றியதல்ல: எத்தனை வயது வரை புதுப்பிப்பீர்கள், 60, 65, 70 வயதில் இன்றைய அட்டவணைப்படி கட்டுப்பணம் என்ன, கிளெய்ம் எடுத்தால் எனக்கு மட்டும் விலை கூட்டுவீர்களா. மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். அரச ஓய்வூதியர்கள் அக்ரஹாரவுக்கான கழிவு தங்கள் ஓய்வூதியத்தில் போகிறதா என்பதைப் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓய்வூதியர்க்கும் திட்டம் இருப்பது தெரியாமலே இருப்பவர்கள் உண்டு.

மீனவர்களுக்கும் விவசாயிகளுக்கும் சம்பளக் கழிவு இல்லை. அவர்கள் காப்புறுதியை இழப்பது பெரும்பாலும் தவணை தவறித்தான். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை வாடைக் கடல் கொந்தளிக்கும், நிலாவெளியிலும் குச்சவெளியிலும் கையில் காசு இராது. டிசம்பரில் புதுப்பிக்கும் திட்டம் அங்கே டிசம்பரிலேயே அறுந்துபோகும். மீண்டும் சேர்ந்தால் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து. வருடக் கட்டணமாக எடுத்து, கடற்றொழிலாளர் ஜூலை, ஓகஸ்டிலும், தம்பலகாமம், கந்தளாய் வயற்காரர் பெரும்போக அறுவடை முடியும் மார்ச், ஏப்ரலிலும் புதுப்பிப்புத் திகதி விழும்படி தொடங்கினால் இந்த இழப்பைக் குறைக்கலாம்.

எழுபதைத் தாண்டி, ஒரு திட்டத்திலும் இல்லாதவருக்குக் காப்புறுதி விற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வருமானம் குறைந்தவர்களுக்கான முதியோர் கொடுப்பனவு 2025இல் 5,000 ரூபாயாக்கப்பட்டது, வருடத்துக்கு 60,000. அதிலிருந்து நியாயமான விலை என்று எதைக் கேட்டாலும் சாப்பாட்டிலிருந்துதான் போகும். அந்த வயதுக்குப் பணம் பொது நிதியிலிருந்தே வர வேண்டும். பயணச் செலவும் வெளியில் வாங்கும் மருந்தும் லென்ஸும் அடங்கிய ஒரு சிறு திட்டம் போதும். இப்போதைக்குப் பெரிய சத்திரசிகிச்சைகளுக்கு ஜனாதிபதி நிதியத்துக்குப் பிரதேச செயலகம் வழியாக விண்ணப்பிக்கலாம். வைத்தியரின் சிபாரிசும் செலவு மதிப்பீடும் கைவசம் இருக்க வேண்டும். ஐம்பதுகளில் சேர்ந்தவர்களுக்கு வயதுக்கேற்ற விலை இருக்கட்டும், ஆனால் மூன்று மடங்கு என்ற எல்லையோடும், பத்து வருடம் விடாமல் கட்டியவரைப் புதுப்பிக்க மறுக்கக்கூடாது என்ற விதியோடும். மூன்று மடங்கு எல்லை அமெரிக்காவில் செய்து பார்த்ததுதான்.

புதுப்பிப்புக் கடிதத்தில் விலை திடீரென்று கூடியிருந்தால், வயதுக்கான விலைப் படி மாறியதாலா, எல்லோருக்கும் கூட்டியதாலா, உங்கள் கிளெய்மினாலா என்பதை எழுதிக் கேளுங்கள். நிராகரிப்பு என்றால் ஒப்பந்தத்தின் எந்த வாசகத்தின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவு. அங்கே தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன், அல்லது இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. நோயறிகை அட்டை, பற்றுச்சீட்டு, பரிசோதனை அறிக்கை எல்லாவற்றுக்கும் மூலத்தைக் கொடுக்குமுன் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த மூலம் திரும்பி வருவது அரிது. முன்மொழிவுப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். தமிழில் இல்லை என்றால் வாசிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நோய்க் கேள்விக்கும் நீங்களே பதில் எழுதி, ஒரு பிரதியை வாங்கிய பிறகு கையெழுத்து வையுங்கள்.